யாரையும் தொடாத அறுபத்துமூன்று

கஸ்தூரிக்கு அந்தத் தகட்டைக் கண்டாலே ஆகவில்லை. வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே, கம்பி உருவத்துக்குள் கையை விட்டு அளக்கும்போது, அது அவளுடைய பச்சைக் கண்ணாடி வளையல்களில் மூன்றை உடைத்துவிட்டது. மாங்காட்டுக் கோயில் வாசலில் அவளுடைய அம்மா கெங்கம்மாள் பேரம் பேசி வாங்கிப் போட்டுவிட்ட வளையல்கள் அவை. கஸ்தூரிக்குக் கோபம் எப்போதும் மூக்கின் மேல் நிற்கும். கடைசல் வேலை செய்யும் சுலைமான் பாயை அப்போதே கூப்பிட்டாள்.

"இத்தக் கழட்டிடுங்க பாய். இது கீற வரைக்கும் என் கை உள்ள போவாது."

பாய் பேராசிரியரைப் பார்த்தார். பேராசிரியர் கோவிந்தராஜ் காகிதத்திலிருந்து தலையைக் கூடச் சரியாகத் தூக்கவில்லை. நாம் எண்ணப்போவது அமினோ அமிலத்துக்கும் அமினோ அமிலத்துக்கும் உள்ள தொடுகையை, தகடு அமினோ அமிலம் இல்லை, எடுத்துவிடலாம் என்றார். நான்கு திருகாணி. பாய் கழற்றித் தகட்டை ஒரு மரப்பெட்டியில் போட்டு அலமாரிக்கு மேலே வைத்தார். வளையல் உடைந்த பெண்ணுக்கு மனசு ஆறியது. 1971-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் இது நடந்தது.

அந்த இடம் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. ஒரு பக்கம் வெல்டிங் பட்டறை, இன்னொரு பக்கம் போல்ட்டு நட்டு செய்கிற இடம். நடுவில் ரத்தத்தின் ரகசியத்தைத் தேடிக்கொண்டு ஒரு பேராசிரியர். நகரத்துக்குள் இடம் இல்லாமலா இங்கே வந்தார் என்று கேட்டால், பித்தளைக் கம்பியும் கடைசல் தெரிந்த கையும் அங்கேதான் கிடைத்தன. கொட்டகையின் நடுவே ஒரு மேடை போட்டு, ஆள் இடுப்பளவு உயரத்துக்குப் பித்தளைக் கம்பியால் ஓர் உருவம் கட்டி நிறுத்தியிருந்தார்கள். தெரியாதவர்கள் பார்த்தால் பழைய இரும்புக் கடைச் சரக்கு என்பார்கள். அது ஹீமோகுளோபின். ரத்தத்துக்குச் சிவப்பைத் தந்து, மூச்சுக் காற்றைச் சுமந்துகொண்டு ஓடுகிற புரதம். அதன் இரண்டு வகைச் சங்கிலிகளில் இரண்டாவதை மட்டும், வெளிநாட்டார் கண்டுபிடித்து அனுப்பிய அளவுகளை வைத்து, பல கோடி மடங்கு பெருக்கிச் செய்திருந்தார்கள்.

சங்கிலியில் நூற்று நாற்பத்தாறு அமினோ அமிலங்கள். ஒவ்வொன்றின் கழுத்திலும் எண் போட்ட ஒரு தகரச் சீட்டு. ரேஷன் கடையில் வரிசை நீண்டு, சந்துக்குள் இடமில்லாமல் சுற்றிச் சுற்றி வளைந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் நிற்பவரும் பின்னால் நிற்பவரும் நம்மைத் தொடுவது பெரிய சங்கதி இல்லை. ஆனால் வரிசை வளைவதால் பத்தாவது ஆளின் முழங்கை எண்பதாவது ஆளின் விலாவில் இடிக்கும் அல்லவா? புரதம் அவிழ்ந்து போகாமல் நிற்பது அப்படிப்பட்ட இடிப்புகளால்தான். யார் யாரை இடிக்கிறார்கள் என்று ஒன்று விடாமல் எழுதி அட்டவணை போடுவதுதான் கஸ்தூரியின் உத்தியோகம். பி.எஸ்ஸி. கணக்கு படித்தவள். முத்தாபுதுப்பேட்டையில் அவள் தெருவில் அந்தப் படிப்பு படித்தவர்கள் வேறு யாரும் இல்லை. அந்த எண்ணம் அவளுக்கும் கொஞ்சம் உண்டு.

அளப்பதற்குச் சுலைமான் பாய் ஒரு கருவி செய்துகொடுத்திருந்தார். எட்டு சென்டிமீட்டர் நீளத்தில், இரண்டு முனையும் மழுங்கக் கடைந்த ஒரு பித்தளைத் துண்டு. பட்டறைக்காரர்கள் மொழியில் கேஜ். இரண்டு அணுக்களுக்கு நடுவே அது நுழைந்தால் தொடுகை இல்லை. நுழையாவிட்டால் தொடுகை. யோசிக்க ஒன்றும் இல்லை, கை சொல்லிவிடும். பத்தாயிரத்துச் சொச்சம் ஜோடிகளை அவள் ஐந்து மாதத்தில் முடித்தாள். தகடு இருந்த இடத்தில் இப்போது ஒரு பொந்து. கை முழங்கை வரைக்கும் வசதியாக உள்ளே போயிற்று.

இந்த நேரத்தில்தான் அவளுடைய தம்பி துலுக்கானத்தின் ரத்தம் கதைக்குள் வந்தது.

துலுக்கானத்துக்கு இருபத்தொரு வயது. ஆவடிப் பக்கம் ஒரு பெரிய சர்க்கார் தொழிற்சாலையில் பிட்டராகச் சேர்ந்து, தகுதிகாண் காலம் முடிகிற தறுவாயில் இருந்தான். அவர்களுடைய அப்பா, அப்பாவு என்று பேர், செங்கல் சூளையில் மண் மிதித்தவர். அதற்கு முந்தைய தலைமுறையில் எல்லோரும் பிறர் வயலில் இறங்கியவர்கள்தான். கெங்கம்மாள் ஆவடி குவார்ட்டர்ஸில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்தாள். மகனுக்குச் சர்க்கார் வேலை நிரந்தரமாகிவிட்டால், யார் வீட்டு முற்றத்திலும் இனி குந்த வேண்டியதில்லை என்பது அவள் கனவு. துலுக்கானமும் தெருவில் நடக்கும்போது தொழிற்சாலைச் சட்டையைக் கழற்றவே மாட்டான். ஞாயிற்றுக்கிழமைகூட அதோடுதான் டீக்கடைக்குப் போவான்.

முந்தின வருஷம் வரதன் என்று ஒரு டாக்டர் தொழிற்சாலைக்கு வந்து, ஆராய்ச்சிக்காக எண்ணூறு பேரிடம் ரத்தம் எடுத்துப் போயிருந்தார். ஈரக் காகிதத்தில் ரத்தத்தைத் தடவி மின்சாரம் பாய்ச்சினால் ஹீமோகுளோபின் ஒரே கோடாக நகரும். துலுக்கானத்தின் ரத்தத்தில் மட்டும் இரண்டு கோடு வந்தது. பாதி நல்லது, பாதி வேறு ஏதோ. டாக்டர் அதை வெளிநாட்டுக்கு அனுப்பினார். எட்டு மாதம் கழித்து, ஜூலையில் பதில் வந்தது. இரண்டாம் சங்கிலியில் அறுபத்துமூன்றாவது இடத்தில் இருக்க வேண்டிய அமினோ அமிலத்துக்குப் பதிலாக வேறொன்று உட்கார்ந்திருக்கிறது. இப்படி மாறிய சிலர் சாதாரணமாக ஆரோக்கியமாகவே இருப்பார்கள், ஆனால் கிருமியைக் கொல்லக் கொடுக்கிற சல்பா மாத்திரை உள்ளே போனால் ரத்தம் உடைந்துபோகக்கூடும். இந்த இடம் முக்கியமா இல்லையா என்று தெரிகிறவரை ஜாக்கிரதை. கடிதம் இவ்வளவுதான் சொன்னது.

டாக்டர் வரதன் நல்ல மனிதர். உடனே துலுக்கானத்தின் பைலில் 'சல்பா கொடுக்கக்கூடாது, ரத்தக் கோளாறு சந்தேகம்' என்று சிவப்பு மையில் எழுதிவைத்தார். அந்த ஒரு வரி பையனின் உத்தியோகத்தில் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டது. ரத்தக் கோளாறு என்று இருக்கிறவனை நிரந்தரமாக்க மாட்டோம், மெடிக்கல் போர்டு பத்து நாளில் கூடுகிறது, அதற்குள் இந்தச் சந்தேகம் தீரட்டும் என்று ஆபீஸில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். துலுக்கானம் அன்று சாப்பிடவில்லை. சட்டையை மடித்து டிரங்குப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

துலுக்கானத்திடமே அக்காவின் வேலையைப் பற்றி விசாரித்துக்கொண்டு டாக்டர் கொட்டகைக்கே வந்துவிட்டார். பேராசிரியர் ஐரோப்பாவுக்குப் போய் மூன்று வாரமாகியிருந்தது. கடிதம் போட்டுப் பதில் வர ஒரு மாதம். அன்று வெள்ளிக்கிழமை மத்தியானம், சுலைமான் பாய் தொழுகைக்குப் போயிருந்தார். கொட்டகையில் கஸ்தூரி மட்டும்தான் இருந்தாள். டாக்டர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கடிதத்தை நீட்டினார்.

"உங்க அட்டவணைப்படி இந்த அறுபத்துமூணு யாரைத் தொடுது, சொல்லுங்க. நிறையப் பேரைத் தொட்டா அங்க ஆளை மாத்தினது ஆபத்து. தொடலைன்னா பெரிசா ஒண்ணும் இல்லை."

கஸ்தூரி நோட்டைப் புரட்டினாள். எண்களின் மேல் விரலை ஓட்டிக்கொண்டு வந்தாள். அறுபத்தொன்று, அறுபத்திரண்டு, அறுபத்துமூன்று. எதிரே அவள் கையெழுத்தில் ஒரு பூஜ்யம் இருந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. நூற்று நாற்பத்தாறு பேரில் யாரையும் தொடாதவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். அதில் ஒன்றாகத் தம்பியின் எண் அமைந்ததை அவள் கடவுள் செயல் என்று நினைத்தாள்.

அவளைக் குற்றம் சொல்ல வேண்டுமானால் ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவள் நோட்டோடு நிற்கவில்லை. டாக்டர் பார்க்க, கேஜை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போய், அறுபத்துமூன்றைச் சுற்றி மேலும் கீழும் பக்கவாட்டிலும் மறுபடி அளந்தாள். எல்லா இடத்திலும் பித்தளைத் துண்டு தாராளமாக நுழைந்தது. உள்பக்கம் பொந்தை நோக்கி அந்த அமிலம் தன் கையை நீட்டிக்கொண்டு நின்றது. யாருமில்லாத இடத்தைப் பார்த்து இது எதற்குக் கையை நீட்டுகிறது என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. தோன்றியதை அப்படியே விட்டுவிட்டாள். மனசு கேட்க விரும்பிய பதிலைக் கை சொல்லிவிட்டபோது, மேற்கொண்டு கேள்வி கேட்க யாருக்குத்தான் மனசு வரும்?

"யாரையும் தொடல சார்," என்றாள். "தனியா நிக்குது."

டாக்டர் பெருமூச்சு விட்டார். கிளம்பும்போது, உங்கள் குடும்பத்தில் யாராவது மஞ்சள் காமாலையில் போயிருக்கிறார்களா என்று கேட்டார். அப்பா போனார் என்றாள் கஸ்தூரி. காமாலையில் யார்தான் போகவில்லை, சூளை வேலை செய்பவர்கள் குடிக்கிற தண்ணீர் அப்படி என்றும் அவளே சேர்த்துச் சொன்னாள். டாக்டர் தலையாட்டினார்.

அம்மா அதை வேறு மாதிரிச் சொல்வாள். நீர்க்கடுப்பு என்று ஆஸ்பத்திரிக்குப் போன மனுஷன் வெள்ளை மாத்திரை வாங்கிவந்து முழுங்கினார், மூன்றாம் நாள் மூத்திரம் கறுப்பாகப் போனது, கண் மஞ்சளானது, ஐந்தாம் நாள் பாடை கட்டினார்கள், மாத்திரைதான் என் புருஷனைத் தின்றது என்பாள். பதின்மூன்று வருஷமாக அந்த வீட்டுக்குள் மாத்திரை வந்ததில்லை. தலைவலிக்குச் சுக்கு, காய்ச்சலுக்குக் கஷாயம். படிக்காத அம்மாவின் பயம் என்று கஸ்தூரி அதை என்றைக்கோ ஒதுக்கிவிட்டாள். டாக்டரிடம் போய் அதையெல்லாம் சொல்லி அம்மாவைப் பட்டிக்காடாகக் காட்ட அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதனால் சொல்லவில்லை.

சிவப்பு வரியை அடித்துவிட்டு டாக்டர் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். துலுக்கானம் நிரந்தரமானான். அன்று ஜிலேபி வாங்கிவந்து தெரு முழுக்கக் கொடுத்தான். கெங்கம்மாள் மாங்காட்டு அம்மனுக்கு வேண்டுதல் தீர்க்கப் போனாள். கஸ்தூரிக்குத் தலைகால் புரியவில்லை. "அக்கா ஒரு குச்சிய வுட்டுப் பாத்துச்சு, எனக்கு வேல கெட்ச்சிச்சு" என்று துலுக்கானம் பார்ப்பவரிடமெல்லாம் சொல்லித் திரிந்தான்.

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. முத்தாபுதுப்பேட்டைத் தெருவில் முழங்கால் தண்ணீர். துலுக்கானம் நனைந்துகொண்டே ஷிப்டுக்குப் போய்வந்தான். ஒரு திங்கட்கிழமை காய்ச்சலோடு வந்தான். அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒன்றுக்குப் போனால் நெருப்பாக எரிகிறது என்றான். மறுநாள் தொழிற்சாலை மருந்தகத்துக்குப் போனான். கம்பவுண்டர் பைலைப் புரட்டி, சல்பா கூடாது என்று ஒரு வரி இருந்ததே என்று தயங்கியிருக்கிறார். அதைத்தான் டாக்டரே அடித்துவிட்டாரே என்று இவனே விரலால் காட்டியிருக்கிறான். பெரிய பெரிய வெள்ளை மாத்திரையாக ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள்.

கெங்கம்மாள் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள். நேரே வாசலுக்குப் போய், ஓடுகிற மழைத் தண்ணீரில் அத்தனையையும் கொட்டினாள். வேலையிலிருந்து திரும்பிய கஸ்தூரி இதைக் கேட்டதும் வெடித்தாள். பதின்மூன்று வருஷத்துப் பயத்தை வைத்துக்கொண்டு பிள்ளையைக் காய்ச்சலில் வேகவைக்கிறாயா, நான் கையால் அளந்து பார்த்திருக்கிறேன், டாக்டர் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று வாய்க்கு வந்தபடி பேசினாள். கெங்கம்மாள் அடுப்பு மூலையில் உட்கார்ந்து புடவைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டாள்.

"உங்கப்பனுக்கும் இதே நோவுதான், இதே மாத்தரதான்," என்று மட்டும் சொன்னாள். "நீ பட்ச்சவ. எனுக்கு இன்னா தெரியும்?"

புதன்கிழமை காலையில் கஸ்தூரி மழையில் குடை பிடித்துக்கொண்டு மருந்தகத்துக்கே போய், வேறு பொட்டலம் வாங்கிவந்தாள். தம்பியைத் தூக்கி உட்காரவைத்து, தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள். இந்த அம்மா பேச்சைக் கேட்டால் நான் ரிட்டையர் ஆகிற வரைக்கும் கஷாயம்தான் என்று அவன் காய்ச்சலோடு சிரித்தான். இரண்டு மாத்திரையை அவளே அவன் நாக்கில் வைத்தாள். ராத்திரிக்கு இரண்டு, மறுநாள் மூன்று வேளை, வேளைக்கு இரண்டு. எல்லாம் அவள் கையாலேயே கொடுத்தாள். அம்மாவை நம்பி விட்டுவிட்டுப் போகப் பயம். வியாழக்கிழமை காய்ச்சல் இறங்கியது. வெற்றிக் களிப்போடு அம்மாவைப் பார்த்தாள். கெங்கம்மாள் அவளைப் பார்க்கவில்லை, மகனுடைய கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் கொட்டகைக்குப் பேராசிரியரின் கடிதம் வந்தது. டிசம்பர் முதல் வாரத்தில் திரும்புகிறேன், கூடவே ஒரு வெளிநாட்டு விருந்தாளியும் வருகிறார், உருவத்தைத் துடைத்து, கழற்றிவைத்த தகட்டைச் சிவப்புச் சாயம் அடித்துப் பழைய இடத்திலேயே மாட்டிவையுங்கள் என்று எழுதியிருந்தார். சுலைமான் பாய் அலமாரிக்கு மேலிருந்து பெட்டியை இறக்கினார். தகட்டின் திருகாணி ஓட்டையில் பச்சைக் கண்ணாடித் துணுக்கு ஒன்று இன்னும் சிக்கிக்கொண்டிருந்தது. பாய் அதைக் காட்டிச் சிரித்தார். கஸ்தூரியும் சிரித்தாள்.

பாய் தொழுகைக்கு முன்னால் வேலையை முடித்துவிடலாம் என்று தகட்டைப் பொந்துக்குள் நுழைத்து, சாய்த்து, நான்கு திருகாணியையும் முடுக்கினார். தகட்டின் நடுவில் ஓர் எஃகு உருண்டை. மூச்சுக் காற்று வந்து பிடித்துக்கொள்கிற இரும்பு அதுதான். உருவத்துக்கே இப்போது ஓர் உயிர் வந்தாற்போல இருந்தது. பாய் கொஞ்சம் விலகி நின்று பார்த்தார்.

"எத்தினி சரியா குந்திகினுச்சு பாத்தியாம்மா? இந்த ஒண்ணு மட்டும் தகடு மேலயே வந்து வுழுது," என்று சொல்லி, இரும்புக்கு நேர் மேலே கையை நீட்டிக்கொண்டிருந்த அமிலத்தின் சீட்டைத் திருப்பினார். "அறுவத்திமூணு."

கஸ்தூரி கேஜை எடுத்தாள். அறுபத்துமூன்றுக்கும் தகட்டுக்கும் நடுவில் வைத்தாள். நுழையவில்லை. வேறு பக்கம் திருப்பி வைத்தாள். பாதிகூட நுழையவில்லை. நுழையாவிட்டால் தொடுகை. அந்தச் சங்கிலியில் இருக்கிற அத்தனை இடங்களிலும், மூச்சைப் பிடிக்கிற இரும்புக்கு வாசல்காவலாக நிற்கிற இடம் அது. அதனால்தான் அது வேறு யாரையும் தொடவில்லை. அவள் கையிலிருந்து பித்தளைத் துண்டு விழுந்து சிமெண்டுத் தரையில் உருண்டது. நீர்க்கடுப்பு, வெள்ளை மாத்திரை, மூன்றாம் நாள், கறுப்பு என்று அம்மா பதின்மூன்று வருஷமாகச் சொன்னது ஒவ்வொரு சொல்லாக அவள் காதில் கேட்டது. புதன், வியாழன், வெள்ளி என்று விரலை மடக்கிப் பார்த்தாள். இன்று மூன்றாம் நாள்.

செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். பாய் பின்னாலேயே வந்து என்னம்மா என்று கேட்கும்போது அவள் பஸ்ஸில் ஏறிவிட்டிருந்தாள். பஸ் ஆவடி போய்ச் சேர ஒரு யுகமாயிற்று. திருமுல்லைவாயிலில் தண்ணீர் தேங்கி வண்டி ஊர்ந்தது. காலையில் கிளம்பும்போதும் அவளே இரண்டு மாத்திரை கொடுத்துவிட்டு வந்திருந்தாள். மத்தியானம் போட்டுக்கொள்ளத் தலைமாட்டில் இரண்டு வைத்து, மறக்காதே என்று சத்தியம் வேறு வாங்கியிருந்தாள். போட்டிருக்கக்கூடாது, இன்றைக்கு ஒரு நாள் அவன் சோம்பேறியாக இருந்திருக்க வேண்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டே போனாள்.

கெங்கம்மாள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு மண்சட்டி. மகளைக் கண்டதும் அதைச் சாய்த்துக் காட்டினாள். உள்ளே இருந்தது டிக்காஷன் மாதிரி கறுத்திருந்தது.

"அதே கலரு," என்றாள் கெங்கம்மாள். அவள் அழவில்லை, கத்தவில்லை. "உள்ள போயி கண்ணப் பாரு."

துலுக்கானத்தின் கண்கள் மஞ்சளாக இருந்தன. உதடு வெளுத்துப் போயிருந்தது. தலைமாட்டில் மாத்திரை இல்லை. போட்டுக்கொண்டுவிட்டேன் அக்கா, நீ சொன்னபடியே சரியாகப் போட்டுக்கொண்டேன் என்று அவன் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான்.

ஆஸ்பத்திரிக்கு டாக்டர் வரதனே ஓடிவந்தார். கஸ்தூரி தகட்டைப் பற்றிச் சொன்னதும் அவர் முகம் செத்துப்போயிற்று. உடனே ரத்தம் ஏற்ற வேண்டும், உள்ளே இருப்பது மணிக்கு மணி உடைந்துகொண்டிருக்கிறது என்றார். அம்மாவின் குரூப் சேரவில்லை. தொழிற்சாலையிலிருந்து வந்த சிநேகிதர்களில் இரண்டு பேருடையது சேர்ந்தது. அது போதாது. கடைசியில் கஸ்தூரியின் விரலைக் குத்திப் பார்த்த நர்ஸ், இவங்களுடையது அச்சாகப் பொருந்துகிறது என்று சந்தோஷமாகச் சொன்னாள். கஸ்தூரி கட்டிலில் படுத்துக் கையை நீட்டினாள். ஊசி கிட்டே வந்தபோது கையை இழுத்துக்கொண்டாள்.

"என்னுது வாணாம் சார். நானும் அதே அப்பனுக்குத்தான பொறந்தேன்?"

டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார். அவளுடைய ரத்தத்தை இதுவரை யாரும் பார்க்கவில்லை என்பது அவருக்கும் அப்போதுதான் உறைத்தது. தொழிற்சாலையில் வேலை செய்பவர்களைத்தானே கணக்கெடுத்தார்கள். வேறு ஆள் தேடி, அம்பத்தூருக்கு அப்பால் பாடி வரைக்கும் ஆள் அனுப்பினார்கள். மூன்றாவது பாட்டில் வந்து சேர்ந்தபோது சிறுநீரகம் நின்றுவிட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மாத்திரை சாப்பிட்ட ஐந்தாம் நாள், துலுக்கானம் செத்துப்போனான். தொழிற்சாலைச் சட்டையைப் போட்டுத்தான் எடுத்துக்கொண்டு போனார்கள்.

பேராசிரியர் டிசம்பரில் வந்தார். விஷயத்தைக் கேட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவரும் கல்நெஞ்சக்காரர் இல்லை. அவளைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைத் தானே சரிபார்த்தார். அமினோ அமிலத்துக்கும் அமினோ அமிலத்துக்கும் உள்ள தொடுகை என்றுதானே தலைப்பு, அந்த விதிப்படி பூஜ்யம்தான் சரி, உன் அட்டவணையில் ஒரு தப்பும் இல்லை அம்மா என்றார்.

"சரியாத்தான் சார் கீது," என்றாள் கஸ்தூரி. "அதான் எனுக்கு பயமா கீது."

தகட்டைக் கழற்றிவிட்டு அளந்தது என்று அடியில் ஒரு வரி போட வேண்டும் என்று அவள் கேட்டாள். போடுகிறேன் என்று அவர் வாக்குக் கொடுத்தார். எழுதியும் அனுப்பினார் என்றுதான் சொல்கிறார்கள். டாக்டர் வரதன் அவளுடைய ரத்தத்தை ஈரக் காகிதத்தில் தடவிப் பார்த்தார். இரண்டு கோடு வந்தது. அவர் அதைச் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவில்லை. என்னென்ன மருந்து கூடாது என்று ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தார். இன்னும் தெரியாதது எத்தனையோ இருக்கலாம் என்றும் சொன்னார். காய்ச்சல் வந்தால் அவளும் இப்போது சுக்குக் கஷாயம்தான் குடிக்கிறாள்.

அடுத்த வருஷம் ஆடி மாதத்தில் கட்டுரை அச்சாகிப் பழுப்பு உறையில் வீட்டுக்கு வந்தது. முடிவில், அளவெடுத்த கஸ்தூரிக்கு நன்றி என்று அவள் பெயரும் இருந்தது. அட்டவணையைப் புரட்டினாள். அறுபத்துமூன்றுக்கு எதிரே பூஜ்யம். அடியில் அந்த வரி இல்லை. இடம் போதவில்லையோ, யாராவது தேவையில்லை என்று வெட்டினார்களோ, தெரியாது. இந்தப் புத்தகம் எத்தனை ஊருக்குப் போயிருக்கும், எத்தனை டாக்டர்கள் இந்தப் பக்கத்தில் விரலை வைத்து நிம்மதியாகப் பெருமூச்சு விடுவார்கள் என்று நினைத்துக்கொண்டே அந்தப் பக்கத்தை மடியில் விரித்து வைத்திருந்தாள்.

கெங்கம்மாள் பாத்திரம் தேய்த்துவிட்டு வந்தவள், ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் குந்தினாள். எழுத்தும் எண்ணுமாக இருந்த காகிதத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"இதுல என் புள்ளயப் பத்தி இன்னா எழுதிகீது?"

கஸ்தூரி அம்மாவின் விரலைப் பிடித்து அந்தப் பூஜ்யத்தின் மேல் வைத்தாள்.

"ஒண்ணும் இல்லன்னு எழுதிகீதும்மா."